நடக்காமல் விட்ட நான்காவது எல்லை

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி அலுவலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியாம். "மேடம், உள்ளூர்க் கீரைத் திட்டத்தை முதல் நாளிலிருந்து பார்த்தவங்க நீங்கதான். வந்து ஒரு வெற்றிக் கதை சொல்லுங்க, போதும்" என்றார் பேசிய இளைஞர். இப்போதெல்லாம் சான்று தர வயலைச் சுற்றி நடக்க வேண்டியதில்லை, வரப்போரம் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் இடத்தை அதுவே குறித்துக்கொள்கிறது என்றும் பெருமையாகச் சொன்னார்.

போனேன். வெற்றிக் கதை எதுவும் சொல்லவில்லை. அங்கே சொன்னதையும், அங்கே சொல்ல வாய் வராததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். படிப்பு, பயிற்சி, முதல் சில வருடங்கள் எல்லாம் வெளி மாவட்டங்களில் கழிந்தன. மண் மாதிரி எடுக்கவும், இலையைத் திருப்பிப் பார்த்து நோயைச் சொல்லவும், பேருந்து வராத ஊருக்கு நேரத்தோடு போய்ச் சேரவும் அந்த வருடங்களில் கற்றுக்கொண்டேன். என் கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. மாறுதல் வாங்கிக்கொண்டு ஆவடிப் பக்கம் வந்தபோது, இங்கே விவசாயம் எங்கே இருக்கிறது என்று உறவினர்கள் சிரித்தார்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவில் கையகலம் கையகலமாக இருந்தது. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, கொத்தமல்லி. விடியற்காலை அறுத்த கீரை கோயம்பேட்டுக்குப் போய், அங்கிருந்து சில்லறைக் கடைக்காரர் கையில் மறுபடி இதே ஊருக்குத் திரும்பி வரும். வருவதற்குள் பாதி வாடியிருக்கும்.

இதை மாற்ற எங்கள் பகுதி உள்ளாட்சி ஒரு தீர்மானம் போட்டது. சுற்றுவட்டாரத்தில் விளைவதைச் சுற்றுவட்டாரத்திலேயே சாப்பிட வைப்பது. பருத்திப்பட்டு ஏரி அருகே ஞாயிறுதோறும் சந்தைக்கு இடம். அதைவிட முக்கியமானது, ஆறு பள்ளிகளின் மதிய உணவுக்கு வாரம் மூன்று நாள் கீரையை விவசாயிகளிடமே நேரடியாக வாங்குவது. யாரிடம் வாங்கலாம் என்று வயலைப் பார்த்துச் சான்று தர எங்கள் துறையைக் கேட்டார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சாதிக் சார். மெலிந்த மனிதர், குரல் உயர்த்தவே மாட்டார். "வேலையை முடிச்சீங்களா?" என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "என்ன பார்த்தீங்க?" என்றுதான் கேட்பார். அறிக்கையைக் கொடுத்தால் தான் படிக்க மாட்டார். நம்மிடமே திருப்பித் தந்து, சத்தமாகப் படிக்கச் சொல்வார். அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி கேட்பார். தான் எழுதியதைத் தானே வாய்விட்டுப் படிக்கும்போதுதான் எத்தனை வரி சும்மா எழுதப்பட்டது என்று தெரியும். புதிதாக வந்தவர்கள் அவர் அறைக்குப் போவதற்கே பயப்படுவார்கள்.

சான்று தரும் முறையையும் அவரே வகுத்தார். பட்டா நகலும், கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிக் குறிப்பும் வாங்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பல இடங்களில் மண் எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியாக, நிலத்தின் நான்கு எல்லைகளையும் காலால் நடந்து, ஒவ்வொரு பக்கமும் ஒட்டி என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். படிவத்தின் அடியில் ஒரு வாக்கியம் அச்சாகியிருக்கும்: "நான்கு எல்லைகளையும் நேரில் நடந்து பார்வையிட்டேன்." அதன் கீழே என் கையெழுத்து.

கன்னியப்பனின் வயல் முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் செய்யும் குடும்பம். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாத்தி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நூல் பிடித்தது போல் இருக்கும். நான் போனதற்கு முந்தின நாள் நல்ல மழை. தண்ணீர் எடுத்தேன், மண் எடுத்தேன். தெற்கே சாலை, கிழக்கே ஒரு வீட்டு மனை, மேற்கே இன்னொருவரின் கொத்தமல்லி. மூன்றையும் நடந்தேன். வடக்கே சீமைக்கருவேல முள் அடர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பியபோது கன்னியப்பன் குறுக்கே வந்தார்.

"அந்தாண்ட வாணாம் மேடம். முயங்கால் சேறு கீது. பாம்பு வேற."

"அந்தப் பக்கம் யார் நிலம்?"

"என் தம்பிது மேடம். பாகம் பிரிச்சப்போ அவனுக்குப் போனது. சும்மாத்தான் கீது."

நசரத்பேட்டையில் இன்னொரு வயல் எனக்காகக் காத்திருந்தது. வெயில் ஏறியிருந்தது. படிவத்தில் "வடக்கு: தம்பியின் தரிசு நிலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாதிக் சார் முன்னால் அதைச் சத்தமாகப் படித்தபோதும் என் குரல் தடுமாறவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் திக்கென்று இருக்கிறது. அந்தப் பொய் எனக்கே பொய்யாகத் தெரியவில்லை.

தண்ணீர் நன்றாக இருந்தது. மண்ணில் தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் அப்போது பார்ப்போம். அதுவும் நன்றாக இருந்தது. கன்னியப்பனின் கீரை ஆறு பள்ளிகளுக்கும் போக ஆரம்பித்தது. மற்றவர்களுடைய கீரையை விட அவருடையது தளதளவென்று இருக்கும். சமையல் அம்மாக்கள் அவர் கட்டைத்தான் முதலில் பிரிப்பார்கள். பார்வையாளர்கள் வந்தால் அவர் வயலுக்குத்தான் அழைத்துப் போவோம், தெற்குப் பக்கமாக. இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை. கீரையை இறக்கும் இடத்துக்குக் கன்னியப்பனுக்குப் பதிலாக அவர் மனைவி அலமேலு வந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அவரு எங்கேம்மா?"

"ஆஸ்பத்திரில கீறாரு மேடம். பேத்திக்கு முடியல. வவுத்து வலி வவுத்து வலின்னு ஒரு மாசமா அயுதுகினே இருந்துச்சு. சோறு எறங்கல. வெளுத்துப் போச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஈயம் கீதாம் மேடம், ரத்தத்துல. எனக்கு ஒண்ணும் புரியல. ரசம் வைக்க எங்க ஊட்ல ஒரு ஈயச்சொம்பு கூட இல்லியே. எங்கேர்ந்து வரும்?"

ரசச் சொம்பு செய்கிற வெள்ளீயம் வேறு, மருத்துவர் சொன்ன காரீயம் வேறு. அதை அலமேலுவுக்கு விளக்க அது நேரமில்லை. "டாக்டர் வேற ஏதாவது கேட்டாரா?" என்றேன்.

"ஊட்டாண்ட பேட்டரி ஒடைக்கிற எடம் எதுனா கீதான்னு கேட்டாரு. இவரு பேசாமயே நின்னாரு மேடம். எனக்கு அதான் பயமா கீது."

நான் நடக்காமல் விட்ட வடக்குப் பக்கம் கண்முன் வந்தது.

சாதிக் சாருக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது. "காரணத்தை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல ஆறு அடுப்பையும் நிறுத்துங்க. கீரை எங்கேயும் தட்டுல விழக் கூடாது."

எண்களைத் தேடிப் பிடித்துப் பேசுவதற்குள் மதியம் நெருங்கிவிட்டது. ஐந்து பள்ளிகளில் போனை எடுத்தார்கள். கீரை அண்டாவில் வெந்துகொண்டிருந்தது, இறக்கி வைத்துவிட்டார்கள். ஆறாவது பள்ளியில் யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் சோற்றின் மேல் பச்சையாகக் கீரைக் கூட்டு. பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். "சாப்பிடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் கையை வாய்க்கருகில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "ஏன் மிஸ்? நல்லாத்தானே இருக்கு?"

நல்லாத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அவளிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை சாதிக் சாரும் நானும் வயலுக்குப் போனோம். இந்த முறை தெற்கே இறங்கவில்லை. வடக்குப் பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனோம். அந்தச் சந்தில் சேறே இல்லை. கருங்கல் ஜல்லி கொட்டி, லாரி வந்து போகும்படி கெட்டியாக இருந்தது. முள்ளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வாசலில் உடைத்த பேட்டரிகளின் கறுப்புக் கூடுகள் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. உள்ளே இரவில் ஈயத்தை உருக்கும் இரும்புச் சட்டிகள், சுற்றிலும் சாம்பல். அமிலத்தைக் கொட்டிய குழி நிரம்பி, முள்வேலிக்கு அடியில் கசிந்து, கன்னியப்பனின் கடைசிப் பாத்திக்கு வந்திருந்தது. காற்று கொட்டகையிலிருந்து வயல் பக்கமாக அடித்தது. கிணறு தெற்குக் கோடியில் இருந்ததால் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. சாம்பல் நேராக இலையில் போய் இறங்கியிருக்கிறது.

நான் கையெழுத்துப் போட்ட இடம் அங்கிருந்து தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்.

சாதிக் சார் பையிலிருந்து என் பழைய அறிக்கையை எடுத்து நீட்டினார். "படிங்கம்மா."

படித்தேன். தெற்கு, கிழக்கு, மேற்கு. "வடக்கு: தம்பியின் தரிசு நிலம்" என்றதும் நிறுத்தினேன்.

"அடுத்த வரி."

"நான்கு எல்லைகளையும்..."

"என்ன பார்த்தீங்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"மூணு பக்கம் பார்த்தேன் சார். நாலாவது பக்கம் பார்க்கலை."

அவர் அறிக்கையை வாங்கி மடித்தார். பிறகு, "இதை அப்படியே எழுதிக் கொடுங்க. மேலொப்பம் நான் போட்டது. நானும் ஒரு தடவை வந்து பார்த்திருக்கணும். நானும் எழுதுறேன்" என்றார்.

இலையும் மண்ணும் ஆய்வகத்துக்குப் போயின. முடிவு வந்தது. ஈயம் குறைவாக இருக்குமென்று ஒரு நப்பாசை இருந்தது. குறைவாக இல்லை.

அதன்பின் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர், "கீரை சீசன் முடிஞ்சதுன்னு சொல்லிட்டு நிறுத்திடலாமே, எதுக்கு ஊரைக் கலக்கணும்?" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சாதிக் சார் மட்டும், "பிள்ளைங்க ரத்தத்துக்கு சீசன் தெரியாது" என்று சொல்லி எழுந்தார். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று முடிவாயிற்று.

பள்ளி மைதானத்தில் கூட்டம். பழைய ஊர்க்காரர்களும் இருந்தார்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு அலுவலகத்திலிருந்து நேராக வந்த அடுக்குமாடிக்காரர்களும் இருந்தார்கள். சாதிக் சார் எதையும் மறைக்காமல், பூசி மெழுகாமல் சொன்னார். எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். "பொண்ணு வாரம் மூணு நாள் சாப்பிட்டிருக்கா சார், மூணு நாள்!" என்று ஓர் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தாய் மேடைக்கே வந்துவிட்டார். "யாரு செக் பண்ணது? பேரைச் சொல்லுங்க! கீரை சாப்பிடு கீரை சாப்பிடுன்னு நானே மிரட்டிச் சொல்லி அனுப்பினேனே!"

நான் எழுவதற்கு முன்னால் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கன்னியப்பன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார், மூன்று நாள் தாடி.

"மேடத்தை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க அந்தாண்ட போவத்தான் பாத்தாங்க. நான்தான் சேறு கீதுன்னு சொல்லி உடல. சேறு இல்ல. தம்பி ஷெட்டு போட்டுகீறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா கவர்மென்ட்டு கீரை வாங்காது, தம்பி பொயப்பும் போயிடும்னு மறைச்சேன். பொகை மேல போயிடும், கீரைக்கு இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன். இப்போ என் பேத்தியே படுத்துகினு கீது. இன்னா பண்ணணுமோ பண்ணுங்க."

அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த நிமிடம்தான் அது தெரிந்தது. ஏழெட்டு மாதம் என்னிடம் சிரித்துப் பேசி, கீரைக் கட்டை என் கையில் கொடுத்தவர். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் குடும்பத்துக்கும் கடைந்து போட்டேன். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் என் பெயர் அதோடு போயிருக்கும். ஒரு கணம் பேசாமல்தான் இருந்தேன். அந்தக் கணத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு மைக்கை வாங்கினேன். "அவர் சேறுன்னு சொல்லித் தடுத்தது உண்மைதான். ஆனா அவர் சொல்றதை எழுதுறதுக்கு என்னை அனுப்பலை. போய்ப் பார்க்கிறதுக்குத்தான் அனுப்பினாங்க. சந்து வழியா சுத்திப் போயிருந்தா ரெண்டு நிமிஷம். நான் போகலை. போனதா கையெழுத்துப் போட்டேன்."

சட்டையைப் பிடித்திருந்தவர் கையை விட்டார். யாரும் கை தட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. முன்னே வந்திருந்த அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எப்போ ரத்தம் எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே எடுத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பயப்படும்படி இல்லை. சிலருக்கு இருக்க வேண்டியதை விடக் கூடுதலாக இருந்தது. பல பேர் வயல் கீரை கலந்து போனதால் இந்த அளவோடு தப்பித்தார்கள் என்றார் மருத்துவர். "அப்போ ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?" என்று கேட்டேன். "ஈயத்துல நல்ல அளவுன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார். அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகும் வயதில் இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது கணக்கு வராமல் போயிருந்தால், அது நான் நடக்காத அந்த இரண்டு நிமிடத்தாலா என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

கன்னியப்பனின் பேத்தி பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்தாள், படிப்பு மட்டும் மெதுவாகத்தான் ஏறியது. தம்பியின் கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள், அவர் மேல் வழக்கு நடந்தது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, தண்டனையும் வந்தது. ஏற்றுக்கொண்டேன். திட்டம் மூடப்படும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மற்ற விவசாயிகளே திரண்டு வந்து, "எங்க மண்ணு, எல, தண்ணி எல்லாத்தையும் பாருங்க, நாங்க நிக்கிறோம்" என்றார்கள். பார்த்தோம், ஈயத்தையும் சேர்த்தே பார்த்தோம். அதன்பின் எந்த வயலையும் ஓர் அலுவலர் தனியாகப் பார்ப்பது நின்றது. பெற்றோரில் ஒருவரும் கூட நடந்தார். கீரை மறுபடி தட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியாக மண்ணைச் சுரண்டிய நாள். கன்னியப்பனின் வயலில் மேல்மண்ணை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. பொக்லைன் வந்தது. நூல் பிடித்த அந்தப் பாத்திகளை அது அள்ளி அள்ளி லாரியில் கொட்டியது. அலமேலு பார்க்க முடியாமல் வயலோரத்து வீட்டுக்குள் போய்விட்டார். கன்னியப்பன் கடைசி வரை நின்றார், அழவில்லை. லாரி நிரம்பி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போது அவர் போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"இந்த மண்ண எங்க கொட்டப்போறீங்க?"

டிரைவர் ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் உத்தரவைப் பிரித்துப் பார்த்தேன். எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று இல்லை. இத்தனை நடந்தும், அத்தனை கையெழுத்துக்குப் பிறகும், எங்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"ஏதாவது பள்ளத்துல கொட்டுவாங்க அண்ணாத்தே, வழிய உடு" என்றார் டிரைவர்.

"எந்தப் பள்ளம்? அந்தப் பள்ளத்தாண்ட யாரு ஊடு கீது? அங்க கொயந்த வெளையாடுமா? எய்திக் குடுங்க. அப்பாலதான் வண்டி நவுரும்."

அவர் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் எஞ்சினை அணைத்தார். நான் சாதிக் சாருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் அவரும் உத்தரவின் நகலைத் தேடி எடுத்தார். ஆபத்தான கழிவுகளைப் புதைக்கவென்றே இருக்கும் இடத்துக்கு அதை அனுப்ப எழுத்தில் உத்தரவு வாங்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் லாரி நகரவில்லை. கன்னியப்பனும் நகரவில்லை. மூன்றாம் நாள் மதியம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒரு வரி விடாமல் படித்தேன். கேட்டு முடித்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, லாரிக்கு வழி விட்டார்.